தீக்குச்சி ஏன் பெட்டியின் ஓரத்தில் மட்டும் பற்றுகிறது?

கேள்வி: நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகள், தீக்குச்சியைச் சிமெண்ட் தரையில் உரசினால் பற்றாமல் பெட்டியின் ஓரத்தில் உரசினால் மட்டும் ஏன் பற்றுகிறது என்று கேட்கிறாள். உராய்வினால் சூடு உண்டாகித் தீப்பற்றுகிறது என்று என் கணவர் சொன்னார். தரையிலும்தான் உராய்வு இருக்கிறதே என்று அவள் திருப்பிக் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. ஒரு பழைய ஆங்கிலப் படத்தில் குதிரையில் வருகிறவர் காலணியின் அடியில் குச்சியை உரசிச் சுருட்டைப் பற்றவைக்கிறாரே, அது எப்படி? தீக்குச்சியை முதலில் செய்தவர் யார்? அது சிவகாசிக்கு எப்படி வந்தது? அடுப்பு பற்றவைக்கும் லைட்டரால் விளக்கை ஏற்ற முடிவதில்லையே, ஏன்? இன்னொன்றும் கேட்க வேண்டும். போன வாரம் என் இரண்டு வயது மகன் இரண்டு குச்சிகளின் மருந்தைச் சப்பிவிட்டான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாலும், அது பாஸ்பரஸ் விஷம் என்று என் மாமியார் மிகவும் பயந்துவிட்டார். அந்தப் பயம் சரியானதுதானா? மழைக்காலத்தில் குச்சிகள் நமத்துப்போகாமல் இருக்க என்ன செய்வது?

(திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். நீங்கள் கடைசியாகக் கேட்டிருப்பவற்றில் குழந்தை தொடர்பான கேள்விக்கே முதலில் பதில் சொல்ல வேண்டும். நான் மருத்துவன் அல்லன், வேதியியல் கற்பித்தவன். ஆகவே குச்சியில் என்ன இருக்கிறது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். குழந்தையின் உடல்நிலை பற்றிய முடிவை மருத்துவரிடமே விட வேண்டும்.

இன்று நம் கடைகளில் விற்கும் தீக்குச்சியின் தலையில் பாஸ்பரஸ் கிடையாது. அதில் இருப்பவை பெரும்பாலும் பொட்டாசியம் குளோரேட், சிறிதளவு கந்தகம், கண்ணாடித் தூள் போன்ற நிரப்புப் பொருள்கள், இவற்றை ஒட்டிவைக்கும் பசை, கொஞ்சம் சாயம். ஒன்றிரண்டு குச்சிகளைச் சப்பியதால் உள்ளே போகும் குளோரேட்டின் அளவு மிகமிகக் குறைவு. பொதுவாக அதனால் கடுமையான கேடு விளைவதில்லை. ஆனால் பல குச்சிகளின் மருந்தைத் தின்றுவிட்ட குழந்தையின் நிலை வேறு. குளோரேட் அதிக அளவில் இரத்தத்தில் சேர்ந்தால், ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் திறனை இரத்தம் இழக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அப்படி நேர்ந்தாலோ, குழந்தை தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, எத்தனை குச்சிகள் என்று உங்களுக்கே தெரியாவிட்டாலோ, வீட்டில் வாந்தி எடுக்கவைக்கும் வைத்தியம் எதையும் செய்யாமல், பெட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு மருந்தைவிடக் குச்சித் துண்டு தொண்டையில் சிக்குவதே உடனடியான ஆபத்து என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஆயினும் உங்கள் மாமியாரின் பயத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஒரு காலத்தில் தீக்குச்சியின் தலையில் உண்மையாகவே கொடிய பாஸ்பரஸ் இருந்தது. அதைத் தின்று மாண்டவர்களும் இருந்தார்கள். அதே வகைப் பாஸ்பரஸ்தான் எலிகளைக் கொல்லும் பசையில் சேர்க்கப்பட்டு, நம் மாநிலத்திலேயே பலருடைய கல்லீரலைச் சிதைத்து உயிரைப் பறித்திருக்கிறது. எலிப் பசை குழந்தையின் வாயில் பட்டது என்ற ஐயம் எழுந்தால்கூட, அறிகுறிகளுக்காகக் காத்திருக்காமல் அந்தக் கணமே புறப்பட வேண்டும். முதல் நாள் குழந்தை நன்றாக இருப்பதுபோலத் தோன்றி, இரண்டு மூன்று நாள்கள் கழித்தே கல்லீரல் பழுதாகத் தொடங்கும் என்பதுதான் அந்த நஞ்சின் கொடுமை. தீப்பெட்டியைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைப்பதோடு, வீட்டில் எலிப் பசை இருந்தால் அதை அப்புறப்படுத்திவிடுங்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். அவள் கேட்டது மிகச் சரியான கேள்வி. உராய்வு என்ற பதில் பொய்யன்று. ஆனால் அது பாதிப் பதில்தான். மீதிப் பாதி பெட்டியின் ஓரத்தில் இருக்கும் அந்தப் பழுப்புப் பட்டையில் இருக்கிறது. அதில் பூசப்பட்டிருப்பது சிவப்பு பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும் பசையும் கலந்த மருந்து. தீ மூட்டத் தேவையான பொருள்களில் ஒன்றைக் குச்சியின் தலையிலும் மற்றொன்றைப் பெட்டியின் ஓரத்திலுமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இரண்டும் தொட்டுக்கொள்ளாதவரை இரண்டும் அமைதியாக இருக்கும். குச்சியைப் பட்டையில் இழுக்கும்போது கண்ணாடித் தூளின் முனைகள் நுண்ணிய சூட்டுப் புள்ளிகளை உண்டாக்குகின்றன. அந்தச் சூட்டில், சுரண்டப்பட்ட சிவப்பு பாஸ்பரஸ் துகள்கள் தலையிலுள்ள குளோரேட்டோடு சேர்ந்து சட்டென்று பற்றிக்கொள்கின்றன. அந்தச் சிறு பொறி குளோரேட்டைச் சிதைத்து ஆக்சிஜனை வெளியேற்றுகிறது. அந்த ஆக்சிஜனில் கந்தகமும் பசையும் எரிகின்றன. நாம் முகரும் காரமான நெடி, கந்தகம் எரிந்து உண்டாகும் கந்தக டைஆக்சைடின் நெடி. ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், பற்றிய அந்த முதல் நொடியில் குச்சியை அவர்கள் முகத்துக்கு அருகில் பிடிக்காமல் இருப்பது நல்லது.

சிமெண்ட் தரையில் உராய்வு உண்டு, சிறிது சூடும் உண்டு. பாஸ்பரஸ் மட்டும் இல்லை. குளோரேட்டும் கந்தகமும் தாமாகப் பற்றிக்கொள்வதற்கு வேண்டிய வெப்பம், பாஸ்பரஸின் துணையோடு பற்றுவதற்கு வேண்டியதைவிட மிக அதிகம். சாதாரணமாக உரசும்போது அந்த வெப்பநிலை வருவதற்கு முன்னரே குச்சியின் தலை தேய்ந்து உதிர்ந்துவிடுகிறது. வழவழப்பான கண்ணாடியின் மீது மிக வேகமாக, நீளமாக இழுத்தால் தேய்வு குறைந்து சூடு ஏறிச் சில வேளைகளில் பற்றிவிடுவதும் உண்டு. ஆகவே உங்கள் கணவர் சொன்னதை முழுத் தவறு என்று மகள் முடிவு கட்டிவிட வேண்டாம். ஆனால் இந்தச் சோதனையை அவள் செய்து பார்க்க வேண்டாம். கண்ணாடியும் தீயும் சேர்ந்த விளையாட்டு கையைக் கிழிக்கும், சுடவும் செய்யும்.

எரிவதிலும் அவள் கவனிக்கத்தக்க நுணுக்கம் ஒன்று இருக்கிறது. நீங்கள் குச்சியைப் பற்றவைத்து, அவளைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். முதலில் சீறலோடு ஒரு பெரிய வெளிச்சம் தோன்றும். அது குளோரேட் தன்னிடமிருந்தே கொடுக்கும் ஆக்சிஜனில் நிகழும் எரிதல். அதனால்தான் அந்த நொடியில் காற்று வீசினாலும் தலை எளிதில் அணைவதில்லை. அடுத்த நொடியில் சீறல் அடங்கி, சுடர் மஞ்சளாகி, குச்சியில் இறங்கும். அங்கே எரிவது மரத்துக்கு முன்னர் மெழுகு. மருந்து எரியும் அந்த மிகக் குறுகிய நேரத்துக்குள் வெறும் மரம் பற்றிக்கொள்ளாது என்பதால், மரக்குச்சியின் முனையை மருந்தில் தோய்ப்பதற்கு முன்பே உருக்கிய மெழுகில் தோய்த்துவிடுகிறார்கள். மெழுகு ஆவியாகி எரிந்து, அந்தச் சூட்டில் மரம் பற்றுகிறது. மூன்றாவது கட்டத்தில் எரிதல் முழுவதும் அறையின் காற்றையே நம்பியிருப்பதால், ஊதினால் அணைகிறது. தரமான குச்சிகளின் மரத்தை அம்மோனியம் பாஸ்பேட் போன்ற உப்புக் கரைசலில் ஊறவைத்து உலர்த்துவார்கள். அப்படிச் செய்தவை, அணைத்த பிறகு கங்காக நின்று புகையாமல் உடனே கருகி அடங்கும். எல்லாத் தயாரிப்புகளிலும் இது செய்யப்படுவதில்லை. ஆகையால் அணைத்த குச்சியைக் குப்பைக் கூடையில் போடுவதற்கு முன் தண்ணீரில் ஒருமுறை நனைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மருந்து ஏன் இப்படி இரண்டு இடங்களில் பிரித்து வைக்கப்பட்டது என்பதில்தான் தீக்குச்சியின் வரலாறு அடங்கியிருக்கிறது. அதை மகளுக்கு விரிவாகவே சொல்லுங்கள் என்பது என் கருத்து. பிறந்த ஆண்டையும் கண்டுபிடித்தவர் பெயரையும் மட்டும் மனப்பாடம் செய்வதால் பயனில்லை.

தீக்குச்சி வருவதற்கு முன் உலகம் முழுவதும் மனிதர்கள் தீயை உண்டாக்கியதைவிடக் காத்துவைத்ததே அதிகம். சங்க காலத்தில் தீக்கடையும் ஞெலிகோலை வீட்டின் கூரை இறப்பில் செருகி வைத்திருந்தார்கள். வேண்டாதபோது வெளியே தெரியாமல் இருக்கவும், வேண்டியபோது பெருந்தீயாக வெளிப்படவும் வல்லவன் என்று அதியமானைப் பாடிய ஔவையார், அந்தக் கோலைத்தான் அவனுக்கு உவமையாக்கினார். பின்னர் சக்கிமுக்கிக் கல்லும் இரும்பும் பஞ்சும் வந்தன. அவற்றாலும் பொறி விழுந்து, அது பஞ்சில் கனன்று, ஊதி ஊதிச் சுடராவதற்குப் பொறுமை வேண்டியிருந்தது. அதனால்தான் அடுப்பில் கங்கைச் சாம்பலால் மூடிவைப்பதும், பக்கத்து வீட்டில் நெருப்பு வாங்கி வருவதும் அன்றாட வேலைகளாக இருந்தன.

1669-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த ஹென்னிக் பிராண்ட் என்ற ரசவாதி, தங்கம் தேடி ஏராளமான சிறுநீரைக் காய்ச்சி வடித்தபோது, இருட்டில் ஒளிரும் மெழுகு போன்ற ஒரு பொருளைக் கண்டார். அதுவே வெண் பாஸ்பரஸ். பழகிய நிலையில் மஞ்சள் நிறமாகத் தோன்றுவதால் மஞ்சள் பாஸ்பரஸ் என்றும் சொல்வார்கள். காற்றுப் பட்டால், நம் ஊர்க் கோடைக்காலச் சூடே போதும், தானாகப் பற்றிக்கொள்ளும். ஆகவே அதைத் தண்ணீருக்குள்தான் வைத்திருப்பார்கள். ஆனால் உரசிப் பற்றவைக்கும் முதல் குச்சியில் இந்தப் பாஸ்பரஸ் இல்லை என்பது பலர் அறியாத செய்தி. இங்கிலாந்தின் ஸ்டாக்டன்-ஆன்-டீஸ் என்ற ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர் 1826-இல் அதைச் செய்தார். பொட்டாசியம் குளோரேட்டையும் ஆன்டிமனி சல்பைடையும் பசையில் குழைத்துக் குச்சியின் நுனியில் பூசியிருந்தார். மடித்த உப்புத்தாளுக்கு நடுவே குச்சியை வைத்து அழுத்தி இழுத்தால் பற்றும். 1827 ஏப்ரலில் அவர் விற்பனையைத் தொடங்கியதற்கு அவருடைய கடைக் கணக்குப் புத்தகமே சான்று. அவர் காப்புரிமை எதுவும் பெறவில்லை. பிறர் அதைப் பார்த்துச் செய்து விற்றார்கள். அந்தக் குச்சிகள் பற்றுவதற்குப் பலமாக இழுக்க வேண்டியிருந்தது, நெடியும் தாங்க முடியாததாக இருந்தது.

1830-ஐ ஒட்டிப் பிரான்சில் சார்ல் சோரியா என்ற இளைஞர், ஆன்டிமனிக்குப் பதிலாக வெண் பாஸ்பரஸைச் சேர்த்தார். குச்சி மிக எளிதாகப் பற்றியது. சுவர், தரை, காலணி என்று எதில் உரசினாலும் பற்றியது. சட்டைப் பையில் ஒன்றோடொன்று உரசியும்கூடப் பற்றியது. ஐரோப்பா முழுவதும் அதற்கான தொழிற்கூடங்கள் பெருகின. அங்கே வேலை செய்தவர்களிடம், குறிப்பாகக் குச்சிகளை மருந்தில் தோய்த்தவர்களிடமும் பெட்டியில் அடுக்கிய பெண்களிடமும், ஒரு நோய் தோன்றியது. பாஸ்பரஸ் ஆவி சொத்தைப் பற்களின் வழியாகத் தாடை எலும்பை அடைந்து அதை அழுக வைத்தது. பல்வலியில் தொடங்கி, முகம் வீங்கி, சீழ் வழிந்து, கடைசியில் தாடை எலும்பையே வெட்டி எடுக்கும்படி ஆகும். வியன்னா மருத்துவர் லோரின்சர் 1845-இலேயே இதை மருத்துவ உலகுக்கு விவரித்துவிட்டார். ஆயினும் வெண் பாஸ்பரஸ் மலிவு, எளிதில் பற்றுவது என்பதால் அதைக் கைவிட எவருக்கும் மனம் வரவில்லை. காரணம் தெரிந்த ஒரு நோயை இத்தனை நீண்ட காலம் தொடரவிட்டது, வேதியியல் படித்த எவரும் வெட்கப்பட வேண்டிய செய்தி என்றே நான் எண்ணுகிறேன்.

மாற்று வழி அப்போதே கையில் இருந்தது என்பதுதான் அதிகம் வருத்துகிறது. வெண் பாஸ்பரஸைக் காற்றுப் படாமல் நெடுநேரம் சூடாக்கினால் அது சிவப்பு பாஸ்பரஸாக மாறுகிறது என்பதை வியன்னாவின் அன்டன் ஷ்ரோட்டர் 1840-களின் பிற்பகுதியில் நிறுவினார். தனிமம் ஒன்றுதான், அணுக்கள் பிணைந்திருக்கும் விதம் மட்டும் வேறு. வெண்மையில் நான்கு நான்கு அணுக்களாகத் தனித்தனிக் கூட்டங்கள் இருக்கின்றன. சிவப்பில் அவை சங்கிலிபோல நீண்டு பிணைந்திருக்கின்றன. அதனால் சிவப்பு பாஸ்பரஸ் ஆவியாவதில்லை, இருட்டில் ஒளிர்வதில்லை, தாடையை அரிப்பதில்லை. காற்றில் தானாகப் பற்றுவதற்கு அதற்கு 250 பாகை செல்சியஸுக்கும் மேற்பட்ட சூடு வேண்டும். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. சிவப்பு பாஸ்பரஸைக் குளோரேட்டோடு உலர்ந்த நிலையில் கலந்தால், அந்தக் கலவை இலேசாகத் தட்டினாலே வெடித்துவிடும். தீபாவளிக்குக் குழந்தைகள் துப்பாக்கியில் வைத்துச் சுடும் கேப்பில் இருப்பது அந்த வகைக் கலவைதான். அதைக் குச்சியின் தலையில் எப்படிப் பூசுவது? ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் குஸ்டாஃப் எரிக் பாஷ், பாஸ்பரஸைக் குச்சியில் வைக்காமல் தனியே உரசும் பரப்பில் வைத்துவிடும் முறைக்கு 1844-இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். உங்கள் மகளின் கேள்விக்கான விடை பிறந்த இடம் இதுவே. அதே நாட்டின் யோன்ஷோப்பிங் நகரில் தொழிற்சாலை நடத்திய லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைச் செம்மைப்படுத்தி 1850-களில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். 1855-இல் பாரிஸ் கண்காட்சியில் அதற்குப் பரிசும் கிடைத்தது.

அதன் பிறகும் வெண் பாஸ்பரஸ் குச்சிகள் அரை நூற்றாண்டுக்கு மேல் விற்றன. பின்லாந்து 1872-இலும் டென்மார்க் 1874-இலும் தடை செய்தன. பெரிய நாடுகள் தயங்கின. 1888 ஜூலையில் கிழக்கு லண்டனின் போ பகுதியில் இருந்த பிரையன்ட் அண்ட் மே தொழிற்சாலையில் ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமியரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். சொற்பக் கூலி, சிறு தவற்றுக்கும் அபராதம், பாஸ்பரஸ் படிந்த அதே மேசையில் உணவு உண்ண வேண்டிய நிலை ஆகியவை அவர்களுடைய குறைகள். உணவு உண்ணத் தனி அறை வேண்டும் என்பது அவர்கள் வென்றெடுத்த கோரிக்கைகளில் ஒன்று. கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும் அந்தக் கோரிக்கை உண்மையில் நஞ்சு வாய்க்குள் போவதைத் தடுக்கும் கோரிக்கை. அவர்களுடைய நிலையைப் பத்திரிகையில் எழுதி வெளிக்கொணர்ந்தவர் அன்னி பெசன்ட். பின்னாளில் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைவராக வாழ்ந்து, 1933-இல் அங்கேயே மறைந்த அதே அன்னி பெசன்ட்தான். 1906-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி, வெண் பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடை செய்யும் உடன்பாட்டைச் செய்தன. இந்தியாவிலும் 1913-இல் அதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. உங்கள் மாமியாரிடம் இந்த ஆண்டைச் சொல்லுங்கள். அவருடைய பயத்துக்கு அடிப்படையாக இருந்த குச்சி நூறு ஆண்டுகளுக்கு முன்பே சட்டத்தால் விலக்கப்பட்டுவிட்டது.

படத்தில் வரும் குதிரை வீரரின் குச்சிக்கு இங்கேயே விடை சொல்லிவிடலாம். எங்கே உரசினாலும் பற்றும் குச்சியில் எரிபொருளும் ஆக்சிஜன் தருவதும் ஒரே தலையில் சேர்ந்திருக்கும். தொடக்கத்தில் அது வெண் பாஸ்பரஸ். 1898-இல் பிரான்சின் செவேன், காஎன் என்ற இருவர், நஞ்சு குறைந்த பாஸ்பரஸ் செஸ்குவிசல்பைடு என்ற சேர்மத்தை அதற்கு மாற்றாகக் கொண்டுவந்தனர். அமெரிக்காவில் அந்த வகைக் குச்சிகள் இருபதாம் நூற்றாண்டிலும் பரவலாக இருந்தன. நம் கடைகளில் விற்பவை பாதுகாப்புத் தீக்குச்சிகள் என்பதால், காலணியில் உரசினால் காலணிதான் தேயும்.

சிவகாசிக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதன் பிறகும் நம் நாட்டுக்கு வேண்டிய தீப்பெட்டிகளில் பெரும்பகுதி ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தது. மழை பொய்த்து விவசாயம் கைகொடுக்காத சிவகாசியிலிருந்து, அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு உறவினர்கள் 1922-இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யக் கற்று, திரும்பி வந்து 1923-இல் தொழிலைத் தொடங்கினார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் ஸ்வீடன் முதலீட்டில் விம்கோ நிறுவனம் இயந்திரங்களோடு இந்தியாவில் இறங்கியது. ஓர் உலகப் பெருநிறுவனத்துக்கு எதிரே, கையால் குச்சி அடுக்கி, கையால் பெட்டி ஒட்டிய சிறு கூடங்கள் தாக்குப்பிடித்தன என்பது நம் தொழில் வரலாற்றில் பெருமைக்குரிய செய்தி. மருந்து உலர்வதற்கு வறண்ட வானிலையும் துணை செய்தது. சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என்று சுற்றுவட்டாரம் முழுவதும், வட மாவட்டத்தில் குடியாத்தத்திலும் தொழில் பரவியது. அந்தக் கரிசல் ஊர்களில் தொழிற்சாலையை இன்றும் தீப்பெட்டி ஆபீஸ் என்றே சொல்வார்கள். அங்கே வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

ஆனால் பெருமையை மட்டும் சொல்லி நிறுத்தினால் உண்மை குறைபட்டுவிடும். விடியும் முன்பே பேருந்துகளில் ஏற்றிச் செல்லப்பட்ட குழந்தைகள் பல ஆண்டுகள் இந்தத் தொழிலில் குச்சி அடுக்கினார்கள். உங்கள் மகளின் வயதில் இருந்தவர்களும் அவர்களில் உண்டு. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், தீப்பெட்டித் தயாரிப்பில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது. சிவகாசிக் குழந்தைகளை முன்னிட்டு வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. குச்சி அடுக்கும் வேலையின் பெரும்பகுதியை இப்போது இயந்திரங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. 2007-இல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாயான பெட்டியின் விலை, 14 ஆண்டுகள் அப்படியே நின்று, 2021 டிசம்பர் 1 முதல்தான் இரண்டு ரூபாயானது. மெழுகு, குளோரேட், சிவப்பு பாஸ்பரஸ், அட்டை எல்லாம் விலை ஏறிய அந்த ஆண்டுகளில் சிறு உற்பத்தியாளர்கள் எவ்வளவு திணறியிருப்பார்கள் என்பதை இந்தக் கணக்கே காட்டும்.

லைட்டர் பற்றிய கேள்விக்குச் சுருக்கமான பதில் போதும். அடுப்பு லைட்டருக்குள் ஒரு சிறு பீங்கான் உருளை இருக்கிறது. சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கிறது என்பதைப் பிரான்சின் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்தார்கள். லைட்டரை அழுத்தும்போது ஒரு சுத்தியல் அந்தப் பீங்கானைத் தட்டுகிறது. சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் ஒரு கண நேரம் தோன்றிப் பொறியாகத் தாவுகிறது. காற்றோடு கலந்து நிற்கும் சமையல் எரிவாயுவைப் பற்றவைக்க அந்தப் பொறியே போதும். விளக்குத் திரியில் இருக்கும் எண்ணெயோ ஆவியாகாமல் இருக்கிறது. அதை முதலில் சூடாக்கி ஆவியாக்கிய பிறகே பற்றவைக்க முடியும். அதற்குச் சில நொடிகள் நிலைத்து நிற்கும் சுடர் வேண்டும். கண நேரப் பொறியிடம் அந்த அளவு வெப்பம் இல்லை.

மழைக்காலத்தில் நமத்துப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் பசைதான். தலையிலும் பட்டையிலும் மருந்தைப் பிடித்து வைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சி இளகிவிடுகிறது. அப்போது உரசினால் சூடு உண்டாவதற்கு முன்பே மருந்து வழிந்து உதிர்கிறது. பல நேரங்களில் குச்சி நன்றாகவே இருக்கும், பட்டைதான் இளகியிருக்கும். ஆகவே பற்றாத குச்சிகளைத் தூக்கி எறிவதற்கு முன், உலர்ந்த வேறொரு பெட்டியின் ஓரத்தில் உரசிப் பாருங்கள். பெட்டிகளை இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவிலோ கண்ணாடிச் சீசாவிலோ வைத்து, தேவைக்கு ஒன்றாக வெளியே எடுங்கள். சோறு வடிக்கும் ஆவி படும் அடுப்பு மேடையில் வைக்காதீர்கள். அங்கேதான் எல்லோரும் வைக்கிறோம். நமத்துப்போன குச்சிகளைத் தாளில் பரப்பி, நிழலில் காற்றாட விட்டாலே ஓரிரு நாளில் சரியாகும். தோசைக் கல்லிலோ அடுப்பின் அருகிலோ மைக்ரோவேவ் அடுப்பிலோ வைத்து உலர்த்தவே கூடாது. குச்சித் தலைகளைச் சுரண்டி எடுத்த மருந்தையும் பட்டையைச் சுரண்டி எடுத்த மருந்தையும் ஒருபோதும் ஓரிடத்தில் சேர்க்கக் கூடாது என்பதை மகளிடம் காரணத்தோடு சொல்லிவையுங்கள். பிரித்து வைத்ததனால் மட்டுமே அவை பாதுகாப்பாக இருக்கின்றன என்று அறிந்துகொண்ட குழந்தை, ஏன் கூடாது என்பதையும் தானே புரிந்துகொள்வாள்.